மைத்துனர் ஜீவானந்தத்துக்கு, அன்பரசி டாக்ஸி ஏறும் விஷயமாக

காவலூர்,
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் திரு. ஜீவானந்தம் அவர்களுக்கு,

ஜவ்வாது மலையிலிருந்து தங்கள் மாமா சுப்பிரமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் அக்கா சாந்தம்மாளும், தங்கள் மருமகள் அன்பரசியும், இரண்டு பசுக்களும், ஒன்பது ஆடுகளும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே கோயம்புத்தூரில் தாங்களும், தங்கள் துணைவியாரும், பிள்ளைகளும், பம்புசெட் கம்பெனியில் தங்கள் கீழ் வேலை பார்ப்பவர்களும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்த வருடம் சாமை பரவாயில்லை. மழை வேண்டாத ஒரு நாளில் மொத்தமாகவும், வேண்டிய பத்து நாளில் இல்லாமலும் பெய்தது.

வீட்டில் போன் இருக்க, மாமா எதற்குக் காகிதம் எடுத்தார் என்று தாங்கள் யோசிக்கலாம். வீட்டுக்குள் பேசினால் அன்பரசி காதில் விழும். வெளியே பேசவேண்டுமென்றால் தண்ணீர் டேங்க் அடியில் நிற்கவேண்டும், ஊருக்குள் அங்கேதான் ஒழுங்காக டவர் கிடைக்கிறது, கிடைப்பதால் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள், நான் ஒரு ரகசியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் அது பஸ் ஏறி ஆலங்காயம் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே கடிதம். விஷயம் இதுதான். அடுத்த திங்கட்கிழமை அன்பரசி வேலையில் சேரப் போகிறாள். ஆலங்காயத்தில் இ-சேவை மையம். டாக்ஸியில் போகப் போகிறாள். தனியாக. தனியாக என்றால், நான் இல்லாமல். தாங்கள் சனிக்கிழமையே புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற முறையில் இதைத் தடுக்கவேண்டும். அப்பன் சொன்னால் சண்டை வருகிறது. தாய்மாமன் சொன்னால் மரியாதைக்காவது கேட்பாள்.

தாங்கள் அறியாததல்ல. ஐந்து வருடத்துக்கு முன்னால் காலேஜ் முடித்துத் திரும்பும்போது வளைவில் வண்டி சறுக்கி, முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் தாங்கள்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அன்று முதல் அவளைத் தூக்கி இறக்குவது நான்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து டாக்ஸிக்கு, டாக்ஸியிலிருந்து மறுபடி நாற்காலிக்கு. ஒரு நாள்கூட வேறு ஒருத்தன் கை பட விட்டதில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயது ஆனாலும் இது புளி மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. மண்டிக்கு எண்பது கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி இறக்கியவன். அன்பரசி நாற்பத்தாறு கிலோ. மூட்டையில் பாதியும் கொஞ்சமும்தான். வித்தியாசம் என்னவென்றால், மூட்டை வாய் திறந்து பேசாது.

போன ஆடி மாதம் இந்த வேலைக்கு இன்டர்வியூ வந்தது. நம்ம தெருக்கோடி பூவரசன் தெரியுமில்லையா, டாக்ஸி ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறானே, அவன் வண்டியில்தான் கிளம்பினோம். அன்பரசியை நான் தூக்கி நடு சீட்டில் வைத்தேன், சக்கர நாற்காலியைப் பூவரசன் மேலே கேரியரில் கயிறு போட்டுக் கட்டினான். கயிறு அவனுடையது, முடிச்சு என்னுடையது, இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது வளைவில் மேலே தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் நாற்காலி ரோட்டில் நிற்கிறது. நிற்கவில்லை, வருகிறது. நான்கு சக்கரமும் தரையில் பட நேராக விழுந்து, இறக்கத்தில் எங்கள் பின்னாடியே உருண்டு வருகிறது. அதற்குப் பின்னாடி வந்த பஸ்காரர் விடாமல் ஹார்ன் அடிக்கிறார், நாற்காலி ஒதுங்கி வழி விடவில்லை. கடைசியில் அது ரோட்டை விட்டு இறங்கி ஒரு டீக்கடை வாசலில் போய், யாரோ பிரேக் போட்டது மாதிரி நின்றது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கடைக்காரம்மா அதற்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டார். ஆளே இல்லாமல் வந்து நின்னுச்சே சாமி, நான் இன்னா பண்ணட்டும் என்று கேட்டார். ஒரு சக்கரம் முறுக்கு மாதிரி வளைந்துவிட்டது.

அதனால் இன்டர்வியூவுக்கு அன்பரசியை நானே தூக்கிக்கொண்டு போய் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர்தான், ஆனால் கேள்வியெல்லாம் என்னிடமே கேட்டார். "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்றார். நான் பி.காம் என்றேன். "டைப்பிங் வருமா?" என்றார். தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் வரும் என்றேன். அன்பரசி தொண்டையைக் கனைத்து, "சார், வேலை எனக்கா எங்கப்பாவுக்கா?" என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் அவளிடமே பேசினார். வேலை கொடுக்கிறோம், ஆனால் தினமும் வந்து போக ஏற்பாடு இருக்கவேண்டும் என்றார். நான் உடனே, நான் இருக்கேன் சார், தூக்கிக்கினு வந்துடுவேன் என்றேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சக்கரம் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனில் ஒரு மனு எழுதினாள். என்னிடம் வாசித்துக் காட்டினாள். மஞ்சள் போர்டு வண்டிக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது பிரேக் பார்க்கிறீர்கள், லைட் பார்க்கிறீர்கள், ஹார்ன் பார்க்கிறீர்கள், சக்கர நாற்காலியோடு ஒரு ஆள் அதில் ஏற முடியுமா என்று ஏன் பார்ப்பதில்லை? இதுதான் மனு. நாலு வரி. இதற்கெல்லாம் பதில் வராதும்மா, உன் மனசு ஆறினால் சரி என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை வெட்டப் போய்விட்டேன். மச்சான், பதில் வந்துடுச்சு. "உரிமம் பெற்ற வாடகை வாகனங்களில் சக்கர நாற்காலி அணுகல் தர நிர்ணய ஆலோசனைக் குழு" என்று ஒரு குழு. ஒரே மூச்சில் சொன்னால் நெஞ்சு அடைக்கும், உங்க அக்கா ரெண்டு தடவை மூச்சு விட்டுத்தான் படித்தாள். அதில் அன்பரசி ஒரு உறுப்பினர், பூவரசன் டிரைவர்கள் சார்பில் ஒரு உறுப்பினர், ஒரு டாக்டரம்மா, மேலே ஒரு அதிகாரி. ஆலங்காயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். எனக்கும் மேஜையில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். "உடன் வருபவர்" என்று அச்சடித்து. என் வாழ்க்கையில் என் முன்னால் அட்டை வைத்தது அதுதான் முதல் தடவை. வூட்டுக்குக் கொண்டாந்து சாமி படத்துப் பக்கத்தில் வைத்தேன். இப்போது திருப்பி வைத்திருக்கிறேன், காரணம் கீழே வரும்.

அதிகாரி சின்ன வயசு. கெட்டவர் இல்லை. எங்கேயோ பெரிய ஊரில் எழுதின விதிகளை ஒரு கத்தைக் காகிதத்தில் கொண்டுவந்து வாசித்தார். வண்டியில் ஏற்றும் சாய்வுப் பலகை, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கவேண்டுமாம். அன்பரசி, "சார், வேன் தரை ரெண்டு அடி உயரம்" என்றாள். அவர் கணக்குப் போட்டு, அப்போ இருபத்து நாலு அடி என்றார். சும்மா சொன்னால் யாருக்கும் விளங்காது என்று அவள் என்னை ஒரு கயிறு கொண்டுவரச் சொல்லியிருந்தாள். எல்லோரும் வெளியே போனோம். பூவரசன் வேன் பின்கதவிலிருந்து கயிற்றை இருபத்து நாலு அடி அளந்து பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். சாக்கடையைத் தாண்டினேன், நடைபாதையைத் தாண்டினேன், எதிர்ப்பக்கம் கறிக்கடைக்குள் போய்விட்டேன், இன்னும் மூன்று அடி கயிறு மிச்சம். கடைக்காரர் எத்தனை கிலோ என்று கேட்டார். பூவரசன், "சார், அப்போ பயணி மொதல்ல கறிக்கடைக்குள்ள போய்ட்டு, அங்கேருந்து கெளம்பி என் வண்டிக்கு வரணும். சைவக்காரங்க இன்னா பண்ணுவாங்க?" என்றான். அதிகாரி விடவில்லை, மேலே மலையில் இடம் நிறைய இருக்குமே என்றார். இடம் இருக்குங்க, ஆனா எங்க மலை ரோடே நீங்க சொல்ற சாய்வுக்கு அடங்காதுங்க, விதிப்படி பாத்தா மொதல்ல ரோட்டத்தான் ரத்து பண்ணணும் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்பரசியும் சிரித்தாள். நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன் மச்சான், அந்த நிமிஷம் வரைக்கும்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்: "வேன் தரையை இறக்கலாம், பலகை தானா கொறையும். அது வெல்டிங் பட்டறையில முடியற வேலை. அதுக்கு முன்னாடி ஒண்ணாம் நம்பர் விதி ஒண்ணு எழுதிக்கோங்க சார். பயணி கேட்காம அவரை யாரும் தூக்கக்கூடாது. டிரைவரும் தூக்கக்கூடாது, உடன் வருபவரும் தூக்கக்கூடாது." கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் என் முன்னால் இருந்த அட்டையைப் பார்த்தார்கள். அரைமணி நேரத்துக்கு முன்னால் அவர்கள் கண்ணெதிரில்தான் அவளை வண்டியிலிருந்து தூக்கி இறக்கியிருந்தேன். அதிகாரி இதெல்லாம் விதியில் வராதும்மா, நீளம் அகலம் மட்டும்தான் வரும் என்று பேனாவை மூடினார். நான் எழுந்து வெளியே போய் மூன்று போண்டா தின்றேன். பசி இல்லை. கோபம்.

ரெண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே ஆரம்பித்தேன். "ஊரைக் கூட்டி அப்பனைப் பத்தி புகார் சொல்றியா? உன்னை எங்கனா இடிச்சிருப்பனா? கீழ போட்டிருப்பனா?" என்றேன். அவள், "நீ நல்லாத்தான் தூக்கற. ஆனா நான் மூட்டை இல்லப்பா" என்றாள். அடுப்படியிலிருந்து உங்க அக்கா, "போன மார்கழில ஈரத்துல வழுக்கி விழுந்தீங்களே, அதையும் சொல்லட்டுமா?" என்றாள். அது உனக்குத் தெரியாது மச்சான், யாருக்கும் தெரியாது. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. அவளை மேலே பிடித்தபடி நான் முதுகு கீழே பட விழுந்தேன். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு விலா எலும்பில் விரிசல். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, மாட்டுக்கு ஊசி போடும்போது மாடு இடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாளே மறுபடி தூக்கினேன். "நீ தூக்கும்போது மூச்ச அடக்கற. எனக்குக் கேக்குதுப்பா. ஒவ்வொரு தடவையும் இன்னிக்கு விழுந்துடுவியோ, உனக்கு எதாவது ஆயிடுமோன்னு நானும் மூச்ச அடக்கிக்கினு இருக்கேன்" என்றாள். நான் மூச்சை அடக்குவது எனக்கே தெரியாது. அன்றைக்குச் சாயந்திரம் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஆமாம், அடக்குகிறேன்.

ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்போதுதான் சோதனை ஓட்டம் வந்தது. பூவரசன் வேனின் தரையை அறுத்து இறக்கி, பின்னாடி மடக்குப் பலகை போட்டு, நாற்காலியைக் கட்ட தரையில் கொக்கி வைத்து, பட்டறைக்காரர் அழகாகச் செய்து கொடுத்தார். விதிக் காகிதத்தில் "தகுந்த பெல்ட்" என்று மட்டும் இருந்தது, எத்தனை என்று இல்லை. பட்டறைக்காரர் தகுந்தது ரெண்டு என்று முடிவு செய்து, முன்பக்கம் ஒரே கொக்கியில் ரெண்டையும் மாட்டிவிட்டார். நம்ம ஸ்டாண்டிலிருந்து கீழே ஆறு கிலோமீட்டர் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. அன்பரசி ஏறப் போனபோது அதிகாரி தடுத்தார். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. முதல்ல நான் உட்கார்ந்து பாக்கறேன்" என்று அவர் கொண்டுவந்த புது சக்கர நாற்காலியில் அவரே உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை என்று சொன்னேன் இல்லையா. நான் பக்கத்து சீட்டில், உடன் வருபவராக.

முதல் வளைவு ஒன்றுமில்லை. ரெண்டாவது வளைவில் நாற்காலியின் பின்பாகம் மெதுவாக நகர்ந்தது. மூன்றாவது வளைவில் அது அப்படியே ஒரு அரைவட்டம் அடித்து, அதிகாரி பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இப்போது ரோடு அவரை விட்டு ஓடுகிறது, மலை மேலே போகிறது, அவர் எதையும் பிடிக்க முடியாமல் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் அவர் வேலையை விடவில்லை மச்சான். "நாலு! குறிச்சுக்குங்க, நாலு!" என்று கத்தினார். நாலு பெல்ட் வேண்டும் என்று அர்த்தம். முன்னாடி பூவரசனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது, சார் நாலாவது கியர் போடச் சொல்கிறார் என்று போட்டுவிட்டான். அடுத்த பள்ளத்தில் அவர் தலை கூரையில் இடித்தது. "தலைக்கு மேல ஆறு அங்குலம்!" என்றார். அதற்கடுத்த வளைவில், "பக்கத்துல பிடிக்க ஒரு கம்பி!" என்றார். வளைவுக்கு ஒரு விதி பிறந்துகொண்டே வந்தது. என் ஒரு கை அவர் நாற்காலியில், ஒரு கை என் கழுத்திலிருந்த அவர் கையில், எந்தக் கையால் குறிப்பது? திரும்பி மேலே வரும்போது விதி தீர்ந்துபோய்விட்டது. முகம் வெளுத்து, வாயை மூடிக்கொண்டார்.

ஸ்டாண்டில் வண்டி நின்றது. டீக்கடைக்கு முன்னால் இருபது முப்பது பேர், அன்பரசி நடுவில் தன் நாற்காலியில். பின்கதவைத் திறந்தேன். அவர் இருந்த நிலைமையைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, பழக்க தோஷம், குனிந்தேன், ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்து, அவரை அப்படியே தூக்கிவிட்டேன். தூக்கிக்கொண்டு டீக்கடை பெஞ்சுக்கு நடந்தேன். இன் பண்ணின சட்டை வெளியே வந்துவிட்டது, ஒரு செருப்பு விழுந்துவிட்டது, கால் ரெண்டும் காற்றில் ஆடுகிறது. ஜனங்கள் சிரித்தார்கள். நாலைந்து பேர் போனில் படம் எடுத்தார்கள். அவர் கத்தவில்லை, திமிறவில்லை. கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஒரு பார்வை. பெஞ்சில் உட்காரவைத்த பிறகுதான், "யாருங்க உங்களைத் தூக்கச் சொன்னது? என்னைக் கேட்டீங்களா?" என்றார். சன்னமாக. அழுவது மாதிரி.

மச்சான், அந்த முகத்தை நான் அதற்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அஞ்சு வருஷமா, தினமும், என் மார்பிலிருந்து அரையடி தூரத்துல பாத்திருக்கேன். கண்ணு கீழ, உதடு உள்ள. கொழந்த வெக்கப்படறான்னு நெனச்சேன். சில நாள் வலிக்குதுபோலன்னு நெனச்சு இன்னும் இறுக்கிப் புடிச்சேன். நான் திரும்பி அன்பரசியைப் பார்த்தேன். எல்லாரும் சிரிக்கறாங்க, அவ மட்டும் சிரிக்கல. தன் நாற்காலியைத் தள்ளிக்கினு வந்து அவர் கையில தண்ணி பாட்டில் கொடுத்தா. "சார், ஒண்ணாம் நம்பர் இப்ப எழுதிடலாமா?" என்று கேட்டா. அவர் பையிலிருந்து அந்தக் கத்தையை எடுத்து, அங்கேயே, ஒரு கால்ல செருப்பு இல்லாம, எழுதினார். பயணி கேட்காமல் அவரைத் தூக்கக்கூடாது. நாலு பெல்ட் ரெண்டாவதாத்தான் வந்துச்சு.

அப்புறம் நாலு பெல்ட் மாட்டி, அன்பரசியே ஏறி அதே ஆறு கிலோமீட்டர் போய்ட்டு வந்தா. நாற்காலி அசையவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நீ நினைப்பாய். விளங்கியது உண்மைதான். ஆனா விளங்கறது வேற, பயம் வேற. கீழே மழை வந்தால்? வண்டி பஞ்சரானால்? அவளுக்குத் தண்ணீர் தாகம் எடுத்து, கேட்கக் கூச்சப்பட்டால்? பூவரசன் நல்லவன்தான், ஆனா அவன் கியர் போடறதப் பாத்தவன் நான். வேலைக்குப் போகட்டும், வேணாங்கல. நான் கூட வண்டியில உக்காந்துக்கறேன், வாயே திறக்க மாட்டேன், சாயந்திரம் வரைக்கும் அந்த ஆபீஸ் வாசல்ல ஒரு ஓரமா உக்காந்துகினு இருக்கேன். இவ்ளோதான் நான் கேக்கறது. "வேணாம்ப்பா" என்கிறாள். அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். நீ வந்து சொல்லு. முதல் ஒரு மாதமாவது, இல்லை ஒரு வாரமாவது, அப்பன் கூட வரட்டும் என்று சொல்லு. நான் சொல்லச் சொன்னதாகச் சொல்லாதே.

மற்றபடி தங்கள் துணைவியாருக்கு என் ஆசீர்வாதம். பிள்ளைகள் இருவரும் நல்ல புத்தியும் நல்ல மதிப்பெண்ணும் பெற்று, பெற்றவர்களுக்கு முழங்கால் வலிக்கிற வயதில் அவர்கள் பேச்சைக் கேட்கும்படி மலையில் உள்ள எல்லாத் தெய்வமும் அருளட்டும். தங்கள் மாமியாரின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்குச் சந்தோஷம். சனிக்கிழமை பகல் பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் காத்திருப்பேன், தவறாமல் வரவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும் மாமா,
சுப்பிரமணி

பின்குறிப்பு: மச்சான், இது ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை எழுதுவது. மேலே உள்ளதை இன்னும் தபாலில் போடவில்லை. தினமும் போடவேண்டும் என்றுதான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. எட்டு மணிக்குப் பூவரசன் வந்தான், அவளே பலகையில் ஏறினாள், நாலு பெல்ட்டும் மாட்டினான், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வண்டி திரும்பினதும் பால் கேனை மாட்டிக்கொண்டு டூவீலரில் பின்னாடியே போனேன், பால் ஊற்றப் போகிறவன் மாதிரி. கேன் காலி. ரெண்டு கிலோமீட்டர் போனதும் வேன் நின்றுவிட்டது. ரோட்டோரம் ஒரு ஆள், பிளாஸ்டிக் சேருக்குச் சைக்கிள் சக்கரம் வைத்துக் கட்டினதில் உட்கார்ந்திருந்தான். கருப்பன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் புளியமரத்திலிருந்து விழுந்தவன், அன்றிலிருந்து மலையை விட்டு இறங்கவே இல்லை. அதிகாரியை நான் தூக்கின வீடியோவைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு வண்டி வந்திருக்கு என்று தெரிந்து, விடியற்காலையிலிருந்து காத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டால் இல்லை, கடைத்தெருவைப் பார்க்கவேண்டுமாம். வண்டியில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். அன்பரசி, "அப்பா, கேன் சத்தம் ஊருக்கே கேக்குது, இங்க வா" என்று கூப்பிட்டாள். தான் இறங்கிக்கொண்டு, "இவரு மொதல்ல போகட்டும். அவர் வூட்ல எல்லாரும் கொல்லை வேலைக்குப் போய்ட்டாங்க, கூட ஆளில்ல. நீ போ" என்றாள். மொதல் நாளே லேட்டாம்மா என்றேன். "போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஒன்பது வருஷமா காத்திருந்தவரு முன்னாடி நின்னாருன்னு" என்றாள். நான் கருப்பனிடம் போய், தள்ளட்டுமா, நீயே ஏறுறியா என்று கேட்டேன். கேட்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை மச்சான். தள்ளு மாமா, கை அசந்துபோச்சு என்றான். ஆலங்காயம் கடைத்தெருவில் ஒரு மணிநேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "இன்னா சத்தம் மாமா! இன்னா சத்தம்!" என்றான், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி. பூவரசன் திரும்பிப் போய் அன்பரசியையும் கொண்டுவந்து விட்டான். அவள் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தன் ஆபீஸுக்குள் போனாள், நானும் விட்டுவிட்டேன், எனக்கு வேலை இருந்தது. இப்போது இன்னும் ரெண்டு ஊரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டில் மற்ற ஆறு டிரைவர்களுக்கும் பெல்ட் மாட்டவும் கேட்டுவிட்டுத் தொடவும் நான் சொல்லித் தரவேண்டும் என்று அதிகாரி போன் பண்ணினார், ஆமாம், அவரேதான். உங்க அக்காவும் நாளையிலிருந்து அன்பரசி கூட வண்டியில் போய்ச் சாமையும் தேனும் கடைக்குப் போட்டுவிட்டு வரப் போகிறாள். ஆகவே தடுக்க வரவேண்டாம். வந்தால் வூட்டில் ஒருத்தரும் இருக்க மாட்டோம். அஞ்சு வருஷமா யாராவது ஒருத்தர் எப்பவும் உள்ளேயே இருந்ததால் எங்கள் வூட்டுக்குப் பூட்டே இல்லை, இன்று காலையில்தான் அது தெரிந்தது. தீபாவளிக்கு வரும்போது நல்ல பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வா. சாவி மூன்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.